அந்தக் காலி பாட்டிலைக் கொஞ்சம் காட்டுங்க பாஸ்!

உங்க ஹாஸ்டல் ரூம்ல சின்னதா ஒரு ரெய்டு நடத்துங்க. ஷேவிங் க்ரீமுக்கும் போன வருஷ ரெக்கார்டு நோட்டுக்கும் நடுவுல, பாதி தீர்ந்துபோன கண் சொட்டு மருந்து பாட்டில் ஒண்ணு கிடைக்கும். யார் வாங்கினது, எதுக்கு வாங்கினதுன்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. ஆனா, யாருக்குக் கண்ணு சிவந்தாலும் அதுதான் ரூமோட பொதுச் சொத்து!

எங்க ரூம்லயும் ஒண்ணு இருந்துச்சு. அது என் ரூம்மேட்டோடது. ‘என் பேரைப் போட்டுடாதடா’ன்னு சத்தியம் வாங்கிட்டான். அதனால இந்தக் கட்டுரை முழுக்க அவன் வெறும் ‘ரூம்மேட்’தான்.

எங்க பிளாக்கையே மெட்ராஸ் ஐ ரவுண்டு கட்டி அடிச்ச நேரம் அது. ராத்திரி எட்டு மணிக்கு மெஸ்ஸுக்கு வர்றவன்ல பாதிப் பேர் கூலிங் கிளாஸோட வந்தான். எனக்கும் வந்துச்சு. ‘நல்லாக் குலுக்கிட்டு ரெண்டு சொட்டு விடு மச்சி’ன்னு ரூம்மேட் பாட்டிலை நீட்டினான். பால் மாதிரி வெள்ளையா இருந்துச்சு. ரெண்டே நாள்ல சிவப்பைக் காணோம், உறுத்தலையும் காணோம். அன்னிலேர்ந்து அவனை ‘டாக்டர்’னுதான் கூப்பிட்டேன்.

அந்தப் பால் கலர் மேஜிக்குக்குப் பேர் ஸ்டீராய்டு. நாலு மாசம் கழிச்சுத்தான் அது எங்களுக்கே தெரிஞ்சது. அதுவும் கிரிக்கெட் பால் பட்டு அவனோட கண்ணாடி உடைஞ்சதால!

புதுக் கண்ணாடிக்குப் பவர் செக் பண்ண ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அரை மணி நேர வேலைன்னு நெனச்சுத்தான் நானும் துணைக்குப் போனேன். வரிசையா எல்லா டெஸ்ட்டும் எடுக்கிற இடத்துல அவனுக்குக் கண் அழுத்தம் பார்த்த சிஸ்டர், மறுபடி பார்த்தாங்க. மூணாவது தடவையும் பார்த்தாங்க. அப்புறம், ‘தம்பி, நீங்க உள்ள டாக்டரைப் பார்த்துட்டுப் போங்க’ன்னாங்க. வலது கண்ணுல 38, இடது கண்ணுல 30. இருக்க வேண்டியது 10-லேர்ந்து 21-க்குள்ள.

‘வேற ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களா?’ன்னு டாக்டர் கேட்டாங்க. ‘இல்ல மேடம்’னான். மாத்திரை? இல்ல. ஆயின்மென்ட்? இல்ல. வீசிங் இருக்கா, ஸ்ப்ரே ஏதும்? இல்ல. கடைசியா ‘கண்ணுக்கு?’ன்னு கேட்டப்பதான், ‘அலர்ஜிக்கு ஒரு சொட்டு மருந்து மேடம்... ஒன்பதாம் கிளாஸ்லேர்ந்து விடறேன்’னான். அவன் பொய் சொல்லலை. அது மருந்துக் கணக்குல வரும்னே அவனுக்குத் தோணலை, அவ்வளவுதான். உங்களுக்கும் எனக்கும்கூட அப்படித்தானே?

ஆறு வருஷத்துக் கதை இதுதான். வெயில் காலம் வந்தா ரெண்டு கண்ணும் அரிச்சுத் தள்ளும். தேய்ச்சுத் தேய்ச்சு ரத்தச் சிவப்பாயிடும். சின்னப் பசங்களுக்கும் டீன் ஏஜ் பசங்களுக்கும், முக்கியமா நம்ம ஊர் மாதிரி வெயில் காயற இடங்கள்ல, இந்தக் கண் அலர்ஜி ரொம்ப சகஜம். ஊர்ல இருந்த டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ரெண்டு வாரத்துக்கு மட்டும்தான், அதுவும் படிப்படியாக் குறைச்சு நிறுத்தணும்னு சீட்டுலயே இருந்துச்சு. அவங்க அம்மா அந்தச் சீட்டை இன்னும் பத்திரமா வெச்சிருக்காங்க! ஆனா மருந்து விட்டா அரிப்பு நிக்குது, நிறுத்தினா திரும்ப வருது. காலி பாட்டிலை மெடிக்கல் ஷாப்ல காட்டி, ‘இதே மாதிரி ஒண்ணு குடுங்க’ன்னா கொடுத்துட்டாங்க. டாக்டர் ஃபீஸ் மிச்சம், ஒரு நாள் லீவும் மிச்சம். அப்படியே மாசம் ஒரு பாட்டில், ஆறு வருஷம் ஓடிடுச்சு.

குழாய் ஓடுது, அடைப்பு விழுது!

நான் மெக்கானிக்கல். அதனால டாக்டர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச பாஷையில சொல்றேன். மெடிக்கல் காலேஜ் நண்பர்கள் மன்னிக்கணும்.

கண்ணுக்குள்ள, கருவிழிக்கும் லென்ஸுக்கும் நடுவுல தெளிவா ஒரு நீர் ஓடிக்கிட்டே இருக்கு. இது அழும்போது வர்ற கண்ணீர் இல்லை, வேற. நிமிஷத்துக்கு 2, 3 மைக்ரோலிட்டர் வீதம் உள்ளேயே சுரக்குது. ஒரு நாள் பூரா சேர்த்தாலும் 3, 4 மில்லிதான். சுரந்த நீர் வெளியே போறதுக்கு, கருவிழியோட ஓரத்துல சல்லடை மாதிரி ஒரு திசு இருக்கு. உள்ள வர்றதும் வெளிய போறதும் சமமா இருக்கிற வரைக்கும் அழுத்தம் ஒரே அளவுல நிக்கும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப்ல நாம வேர்த்து வழிஞ்சு செட் பண்ற அதே சமாச்சாரம்தான்!

ஸ்டீராய்டு பல வாரம் தொடர்ந்து போனா, சில பேருக்கு அந்தச் சல்லடையில வேண்டாத புரதமெல்லாம் படிய ஆரம்பிக்குது. படிஞ்சதைத் தின்னு சுத்தம் பண்ண வேண்டிய செல்களும் மந்தமாயிடுது. வாஷ் பேசின்ல அடைப்பு விழுந்த மாதிரிதான். ஆனா இங்க குழாயை மூட முடியாது, பேசினும் ஒழுகாது. அழுத்தம்தான் ஏறும். ஏறின அழுத்தம் பின்பக்கம் இருக்கிற பார்வை நரம்பை நசுக்கும். அந்த நரம்பு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைங்க சேர்ந்த ஒரு கேபிள். அறுந்த இழை திரும்ப முளைக்காது. இதுதான் க்ளகோமா, தமிழ்ல கண் நீர் அழுத்த நோய்.

கொடுமை என்னன்னா, வலிக்காது. சிவக்காது. ஸ்டீராய்டுதான் சிவப்பையே அடக்கி வெச்சிருக்கே! பார்வையும் பெரும்பாலும் நடுவுலேர்ந்து போகாது, ஓரத்துலேர்ந்துதான் போக ஆரம்பிக்கும். ஒரு கண்ணுல இல்லாத இடத்தை இன்னொரு கண்ணு பார்த்துக்கும். மீதி ஓட்டையை மூளை தானா நிரப்பிடும். சுவத்துல தொங்கற எழுத்துச் சார்ட்ல கடைசி வரி வரைக்கும் ரூம்மேட் கடகடன்னு படிச்சான். ஆனா, ‘லைட் மின்னினா பட்டனை அமுக்குங்க’ங்கிற ஃபீல்டு டெஸ்ட்டோட ரிசல்ட்டுல, வலது கண்ணுக்கு மேல்பக்கம் ஒரு பெரிய கறுப்பு. அங்க மின்னின லைட் எதையுமே அவன் பார்க்கலை. பார்க்கலைங்கிறதுகூட அவனுக்குத் தெரியலை.

அப்ப எல்லாருக்கும் இப்படி ஆயிடுமா? இல்லை. 1960-களில் அமெரிக்காவுல பெக்கர், ஆர்மலின்னு ரெண்டு கண் டாக்டர்கள் தனித்தனியா இதை ஆராய்ந்தாங்க. நல்லா இருக்கிற கண்ணுல சில வாரம் ஸ்டீராய்டு சொட்டு விட்டுப் பார்த்ததுல, கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு அழுத்தம் ஓரளவு ஏறுச்சு. நூத்துக்கு நாலுலேர்ந்து ஆறு பேருக்கு எக்கச்சக்கமா எகிறுச்சு. அறுபது பேர் இருக்கிற உங்க கிளாஸுக்குக் கணக்குப் போடுங்க. இருபது பேருக்குக் கொஞ்சம் ஏறும், மூணு பேருக்கு எகிறும். அந்த மூணு பேர் யாருன்னு முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க யாருக்காவது க்ளகோமா இருந்தா, மைனஸ் பவர் ரொம்ப அதிகமா இருந்தா, ஆபத்தும் அதிகம். சின்னக் குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரமா ஏறும்.

எனக்கும் அன்னிக்கே பார்த்தாங்க. 16. நாலு நாள்தான் விட்டிருந்தேன், தப்பிச்சேன்னு நெனைக்காதீங்க. டாக்டர்கிட்ட மெட்ராஸ் ஐ கதையைச் சொன்னதும் முறைச்சாங்க பாருங்க, வைவாவுல ஹெச்.ஓ.டி-கூட அப்படி முறைச்சதில்லை! மெட்ராஸ் ஐ வைரஸால வர்றது. பெரும்பாலும் ஒண்ணு, ரெண்டு வாரத்துல தானா போயிடும். ஆனா வந்தது மெட்ராஸ் ஐதான்னு எனக்கு யார் சொன்னது? ஹெர்பிஸ் வைரஸா இருந்திருந்தா, இல்லை செடி இலை கீறி உள்ளே போன பூஞ்சையா இருந்திருந்தா, ஸ்டீராய்டு அதுக்கு விருந்து வெச்ச மாதிரி. எதிர்ப்பு சக்தியை அது அடக்கிடும். சிவப்பு குறையும், உள்ள கருவிழி புண்ணாகிக்கிட்டே போகும். ஒருத்தன் கண்ணுல பட்ட பாட்டில் முனையை இன்னொருத்தன் கண்ணுல வெச்சதுக்குத் தனியா ஒரு டோஸ் திட்டு கிடைச்சுது.

வில்லன் இல்லை, ஹீரோதான்... ஆனா!

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. ‘ஐயையோ ஸ்டீராய்டா!’ன்னு அலறிக்கிட்டு, வீட்ல தாத்தா சாப்பிடற மாத்திரையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அது இதைவிடப் பெரிய ஆபத்து.

முதல்ல, இது ஜிம்ல ‘மாஸ்’ ஏத்தறதுக்காகச் சில பேர் திருட்டுத்தனமாப் போட்டுக்கற ஸ்டீராய்டு இல்லை. அது வேற வகை. இது நம்ம சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி இருக்கிற அட்ரினல் சுரப்பி தானாவே சுரக்கிற கார்ட்டிசாலோட சொந்தக்காரன். 1948-இல் அமெரிக்காவுல மேயோ கிளினிக்குல, முடக்குவாதத்தால படுக்கையோட கிடந்த 29 வயசுப் பெண்ணுக்கு ஹென்ச்ங்கிற டாக்டர் இதை ஊசியாப் போட்டார். சில நாள்லயே அந்தப் பெண் எழுந்து நடந்து, கடைக்கே போயிட்டு வந்தாங்க. 1950-இல் ஹென்ச், கெண்டல், ரெய்க்ஸ்டீன் மூணு பேருக்கும் நோபல் பரிசு. இன்னிக்கும் ஆஸ்துமா, லூபஸ், சின்னப் பிள்ளைகளுக்கு வர்ற நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம்னு எத்தனையோ பேரைக் காப்பாத்தறது இதுதான். மாற்றுச் சிறுநீரகம் வெச்சவங்கள்ல பல பேருக்கும் இது தினசரி மருந்து.

மாசக்கணக்குல மாத்திரை சாப்பிடறப்ப, ‘வெளியிலேர்ந்துதான் வருதே’ன்னு அட்ரினல் சுரப்பி வேலையைக் குறைச்சுட்டுத் தூங்கிடும். மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குறைக்கிறதா, மாத்தறதான்னு எழுதிக் கொடுத்த டாக்டர்தான் முடிவு பண்ணணும். நீங்க பண்ண வேண்டிய ஒரே வேலை, ‘இதை ரொம்ப நாளா எடுத்துக்கறேன், கண்ணை ஒரு தடவை செக் பண்ணணுமா?’ன்னு வாயைத் திறந்து கேக்கறது.

மாத்திரை அதிகமாப் பதம் பார்க்கிறது கண்ணோட லென்ஸை. 1960-லயே, நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்த முடக்குவாத நோயாளிகளுக்குக் கண்புரை வர்றதை டாக்டர்கள் எழுதி வெச்சுட்டாங்க. கண்புரைன்னா தாத்தா பாட்டி சமாச்சாரம்னுதானே நெனைக்கிறோம்? இது இருபது வயசுலயும் வரும். லென்ஸோட பின்பக்கம், நட்டநடுவுல மங்கலா ஒரு திட்டு விழும். அதனால இதுல ஒரு வேடிக்கை இருக்கு. வெயில்ல பார்வை இன்னும் மோசமாகும்! வெளிச்சத்துல பாப்பா சுருங்கிடும், உள்ள போற வெளிச்சம் பூரா அந்தத் திட்டு வழியாவே போயாகணும். ராத்திரி பைக் ஓட்டும்போது எதிர்ல வர்ற ஹெட்லைட் சிதறிக் கண்ணைக் கூசும். புஸ்தகத்தைக் கிட்டத்துல வெச்சா எழுத்து கலங்கும். ‘பவர் மாறியிருக்கும்’னு கண்ணாடிக் கடைக்கு ஓடுவோம். நல்ல விஷயம், கண்புரையை ஆபரேஷன் பண்ணிச் சரி பண்ணிடலாம். க்ளகோமாவுல போன பார்வைக்கு அந்த வழி இல்லை.

இன்னொண்ணும் இருக்கு. நடுப்பார்வையில ஒரு மங்கல் வட்டம் விழும். நேர்க்கோடு வளைஞ்சு தெரியும். விழித்திரைக்கு அடியில நீர் கோத்துக்கறதால வர்றது இது. இருபதுலேர்ந்து ஐம்பது வயசுக்குள்ள இருக்கிற ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம். டென்ஷன் இதைத் தூண்டும்னு சொல்றாங்க. ஸ்டீராய்டு தூண்டும்ங்கிறது நல்லாவே தெரிஞ்ச விஷயம். மாத்திரையோ, ஊசியோ, களிம்போ, மூக்கு ஸ்ப்ரேயோ, எந்த வழியாப் போனாலும் சரி. டிராயிங் ஷீட்ல நீங்க போட்ட நேர்க்கோடு நெளிஞ்சு தெரிஞ்சா, டி-ஸ்கொயரைத் திட்டாம டாக்டரைப் பாருங்க.

முகத்துக்குப் பூசற ‘வெள்ளை’

பெண்கள் ஹாஸ்டல் பக்கம் விசாரிச்சப்ப வேற ஒரு பாட்டில் சிக்குச்சு. பாட்டில் இல்லை, டியூப். பருவுக்கு, கரும்புள்ளிக்கு, சட்டுனு கலராகன்னு மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கற க்ரீம். (பசங்களும் வாங்கறாங்க, வெளிய சொல்றதில்லை!) அதுல பலதுல மொமெட்டசோன், பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால்னு ஸ்டீராய்டு கலந்திருக்கு. ஒரு வாரத்துல முகம் பளிச்சுனு ஆகும். மாசக்கணக்குல பூசினா தோல் மெலிஞ்சு, சிவந்து, நிறுத்தினா எரியும். நம்ம உடம்புலயே ரொம்ப மெல்லிசான தோல் கண் இமைத் தோல்தான். அங்க தினமும் பூசினா உள்ள இறங்கும், கண் அழுத்தமும் ஏறலாம். 2018 மார்ச்சுல மத்திய அரசு இந்த மாதிரி 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுங்கிற ‘ஷெட்யூல் ஹெச்’ பட்டியலுக்குள்ள கொண்டு வந்துச்சு. சட்டம் அப்படித்தான் சொல்லுது. நீங்க கடைக்குப் போய்க் கேட்டா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும்.

வீசிங்குக்கு இன்ஹேலர் எடுக்கிறவங்க பயப்பட வேண்டாம். மருந்து நேரா நுரையீரலுக்குப் போறதால உடம்புக்குள்ள சேர்ற அளவு மாத்திரையைவிட ரொம்பக் குறைவு. வருஷக்கணக்குல அதிக டோஸ் எடுக்கிறவங்க, வீட்ல க்ளகோமா இருக்கிறவங்க மட்டும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சா போதும்.

சரி, கையில இருக்கிறது ஸ்டீராய்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கம்பெனி வெச்ச பெரிய எழுத்துப் பேரை விட்டுட்டு, கீழ பொடி எழுத்துல இருக்கிற மருந்துப் பேரைப் படிங்க. டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன்னு முக்கால்வாசி ‘சோன்’, ‘லோன்’னு முடியும். லோட்டிபிரெட்னால், டைஃப்ளூபிரெட்னேட் மாதிரி சிலது நடுவுல ‘பிரெட்’டை ஒளிச்சு வெச்சிருக்கும். ஆன்டிபயாடிக்கோட ஜோடி சேர்ந்தும் வரும், அதுதான் ரொம்ப ஏமாத்தும். (இதையே ஃபார்முலாவா எடுத்துக்கிட்டு வீட்ல டாக்டர் ஆயிடாதீங்க. பயோகிளிட்டசோன்னு ஒண்ணு இருக்கு, அது சர்க்கரை மாத்திரை!)

செக் பண்றதுக்கு வலிக்குமான்னு கேக்கறவங்களுக்கு: ஒரு மெஷின் ‘புஸ்’னு காத்து ஊதும், நாம திடுக்கிடுவோம், அவ்வளவுதான். இன்னொரு முறையில மரத்துப்போற சொட்டு விட்டு, நீல வெளிச்சத்துல கருவிழியை லேசாத் தொட்டு அளப்பாங்க. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த கோல்ட்மேன் வடிவமைச்சது. அந்தக் கருவி தட்டையாக்கற வட்டத்தோட விட்டம் சரியா 3.06 மில்லிமீட்டர். ஏன் அந்த நம்பர்னு கேட்டேன். அந்த அளவுல, கண்ணீர் இழுக்கிற இழுவையும் கருவிழியோட விறைப்பும் ஒண்ணையொண்ணு அடிச்சுடுமாம். ஒரு கிராம் விசைன்னா அழுத்தம் 10, கணக்கு கச்சிதம். நாலு செமஸ்டர்ல படிச்ச எதுவும் எனக்கு இவ்வளவு அழகாத் தெரிஞ்சதில்லை. அந்த இடத்துல ரசிச்சிருக்கக் கூடாது, ரூம்மேட் என்னைப் பார்த்த பார்வை அப்படி.

ஸ்டீராய்டு சொட்டை நிறுத்தி, அரிப்புக்கு வேற மருந்து கொடுத்திருக்காங்க. ‘கொஞ்ச நாள்தான் விட்டிருந்தா, நிறுத்தின சில வாரத்துல அழுத்தம் தானா இறங்கிடும். ஆறு வருஷம்ங்கிறதால இறங்காமலும் போகலாம்’னு டாக்டர் சொன்னாங்க. அதனால அழுத்தம் குறைக்கிற சொட்டும் தினமும் விடறான். அதுலயும் டிமலால் மாதிரி சிலது வீசிங் இருக்கிறவங்களுக்கு ஆகாதாம். டாக்டர் முதல்லயே வீசிங்கைப் பத்திக் கேட்டதுல அதுவும் அடக்கம். கடைசியாப் பார்த்தப்ப வலது 22, இடது 18. வலது கண்ணுல அந்தக் கறுப்பு அப்படியேதான் இருக்கு. ராத்திரி பத்து மணிக்கு அலாரம் அடிச்சா, கேரம் போர்டுல ரெட் காயின் குழி வாசல்ல நின்னாலும் எழுந்து போய் மருந்து விட்டுட்டுத்தான் வர்றான்.

அவன் ஏன் பேர் வேண்டாம்னான்னு எனக்கு முதல்ல புரியலை. போன வாரம் ஊர்லேர்ந்து அம்மா ஃபோன் பண்ணினப்பதான் புரிஞ்சது. ‘வெயில் ஆரம்பிக்குதுப்பா, ரெண்டு பாட்டில் வாங்கி வெச்சுட்டேன். அப்பா வரும்போது கொடுத்து விடறேன்’னாங்க. ‘இங்க டாக்டர் வேற மருந்து மாத்திட்டாரும்மா, இது இன்னும் நல்லா கேக்குது’ன்னான். ‘அப்ப இந்த ரெண்டை என்னடா பண்றது, சீல்கூட உடைக்கலையே?’ன்னாங்க.

‘கடையில திருப்பிக் கொடுத்துடும்மா’ன்னு சொல்லிட்டு ஃபோனை வெச்சவன், கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. ஆறு வருஷமா மாசாமாசம் காலி பாட்டிலைக் கையில எடுத்துக்கிட்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போனது அவங்கதான். அவங்களுக்கு அவன் இன்னும் எதுவும் சொல்லலை.